நண்டுக் கொட்டிலுக்கு இடம் பார்த்த கதை

பஸ்ஸில் எங்கேயாவது போவதென்றால் என் மனைவி ஜன்னல் பக்கத்து இருக்கையை எனக்குத் தரமாட்டாள். தந்தால் நான் வெளியே பார்ப்பேன், பார்த்தால் பேசத் தொடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். வயல் வட்டைக்கு இறங்கும் பாதையின் வாயிலிலேயே ஏன் நெல் ஆலை நிற்கிறது, ஒரே சந்தியில் ஏன் மூன்று டயர் ஒட்டும் கடைகள், நல்ல இடமெல்லாம் சும்மா கிடக்க அந்தத் தையல்கடைக்காரன் ஏன் ஒரு முடுக்குக்குள் போய் ஒளிந்திருக்கிறான் என்று எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்பேன்.

"அது அங்க இரிக்கி. உங்களுக்கென்ன?" என்பாள் அவள்.

நான் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறவன். கைத்தொழில்கள் ஏன் இருக்கும் இடத்தில் இருக்கின்றன என்ற பாடத்தை வருடாவருடம் நடத்துகிறேன். மூலப்பொருள், தண்ணீர், மின்சாரம், பாதை, காணி, ஊழியர் என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி போட்டு நடுவில் ஒரு வட்டம் கீறினால் அதுதான் தொழிற்சாலை. எனக்கு அந்தப் பாடம் அலுத்ததே இல்லை. பிள்ளைகளுக்கு அலுத்ததா என்று நான் கேட்டதும் இல்லை.

ஆனால் நான் ஏன் இருக்கும் இடத்தில் இருக்கிறேன் என்பதற்கு அந்த அம்புக்குறிகளில் பதில் கிடையாது. பிறந்தது மாங்கேணியில், கடலோரத்தில். படித்தது வந்தாறுமூலையில். கலியாணம் முடித்து வந்து சேர்ந்தது செட்டிபாளையத்தில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தன் வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பாள், ஆண்பிள்ளை பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய வரைபடங்களுமாக வந்து இறங்கினேன். பதினெட்டு வருடமாகிறது. இன்றைக்கும் மாங்கேணியைச் சொல்லும்போது 'எங்கட ஊர்' என்கிறேன், இந்த ஊரைச் சொல்லும்போது 'இஞ்ச' என்கிறேன். என் மனைவி இதைக் கவனித்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை.

அவர்கள் மூன்று சகோதரிகள். என் மனைவி மூத்தவள். அவளுடைய தாயின் வளவில் மூன்று வீடுகள் வரிசையாக இருக்கின்றன. முன்னால் தெரு, பின்னால் கடலோடு கலக்கும் வாவி. நடுவிலுள்ளவளின் கணவன் வாவியில் தோணி வைத்திருப்பவன். இளையவளின் கணவன் வேறொரு வாழ்க்கையைத் தேடிக்கொண்டு போய்விட்டான். பெட்டியோடு வந்தவன் பெட்டியோடே போனான் என்பதால் வீடும் வளவும் அவளுக்குத் தப்பின. கூடவே மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும் மிஞ்சினாள். தகப்பன் போன அந்த வருடமே இளையவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்தாள். அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்தது எங்கள் வளவின் பின்பக்கத்தில் வந்த நண்டுக் கொட்டில்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு வியாபாரி இருக்கிறார். எல்லாரும் முதலாளி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் ஒரு பெரிய கொதிபானையையும் எவர்சில்வர் மேசையையும் கொண்டுவந்து வாவிக்கரையில் போட்டு, மேலே தகரக் கூரை இறக்கி, என் மனைவியைப் பொறுப்பாக வைத்தார். தோணியில் வரும் நண்டை அவித்து, ஆறவைத்து, பெண்கள் சின்னக் கத்தியால் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுப்பார்கள். கால் சதை வேறு பெட்டி, உடல் சதை வேறு பெட்டி. பிறகு ஐஸில் வைத்து லொறியில் ஏறிவிடும். கொழும்பில் ஒரு கொம்பனி அதை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும். பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். அதில் இளையவளின் கைதான் வேகமான கை. ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம் என்று விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கொட்டில் வந்த புதிதில் மனைவிக்கு நான் விளக்கம் கொடுத்தேன். ஒரு கூடை நண்டில் பெரும்பாகம் ஓடும் தண்ணீரும்தான், அதை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு எவனுக்கும் பைத்தியம் இல்லை, ஆகவே சதை எடுக்கும் வேலை நண்டு பிடிபடும் கரையிலேயே நடக்க வேண்டும், இது எடை குறையும் மூலப்பொருளின் விதி என்று சொன்னேன்.

"சரி. அப்ப அங்கால ஊரிலயும் நண்டு படுகுதுதானே? அங்க ஏன் கொட்டில் வரல்ல?" என்று கேட்டாள்.

"அது தற்செயல்."

சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பதில் தெரிந்தவள் சிரிக்கிற சிரிப்பு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன வருடம் கொம்பனி ஒரு புதுக் கட்டளை போட்டது. தகரக் கொட்டில் போதாது. நிலத்துக்கும் சுவருக்கும் டைல், குளிர் அறை, மூன்று கட்ட மின்சாரம், பொதிசெய்யும் இடம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும். அப்படி ஒரு கட்டிடத்தைக் கொம்பனியே கட்டித் தரும், இடத்தை மட்டும் முதலாளி காட்ட வேண்டும். முதலாளியின் மனதில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று எங்கள் கரை. மற்றது, அவருக்கு நண்டு கொடுக்கும் இன்னொரு கரையான மாங்கேணி. கட்டிடம் எங்கே வருகிறதோ அங்கே வேலை. மாங்கேணிக்குப் போனால் எங்கள் கொட்டில் பூட்டப்படும்.

"சேர், நீங்க இதையே படிச்ச ஆள். எது பொருத்தம் எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. கொம்பனிக்காரன் எழுத்தில கேக்கான்" என்றார்.

என்னிடம் இப்படி ஒருவர் கேட்டது வாழ்க்கையிலேயே முதல் தடவை. தலைகால் தெரியவில்லை எனக்கு. வீட்டில் சொல்லவில்லை. எழுதி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

குறிப்புப் புத்தகத்தோடு மாங்கேணிக்குப் போனேன். அங்கே எங்கள் தாயின் வளவில் என் தங்கச்சி இருக்கிறாள். மீன் ஆணம் வைத்து, கதவு திறந்த சத்தத்துக்கே ஓடிவந்து, "அண்ணா, மெலிஞ்சு போனீங்க" என்றாள். நான் மெலியவில்லை, மூன்று வருடமாகக் காற்சட்டையின் இடுப்பைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கரைக்குப் போனேன். எங்கள் அப்பா தோணி இழுத்த கரை. அகலமான இறங்குதுறை, பக்கத்திலேயே பெரிய பாதை, சும்மா கிடக்கும் காணி, மேலே மின்சாரக் கம்பி. எதைப் பார்த்தாலும் பொருத்தமாகவே தெரிந்தது.

"இது இஞ்ச வந்தா நல்லா இரிக்கும் அண்ணா. இஞ்சயும் பொம்பிளையள் வெளிநாட்டுக்குப் போறதப் பத்தித்தான் கதைச்சிக்கிட்டு இரிக்காக" என்றாள் தங்கச்சி. அவள் கேட்டது ஒரு நியாயமான விசயம். அதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

எழுதினேன். அழகாக எழுதினேன். இரண்டு ஊரையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, மூலப்பொருளிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மாரியில் வாவி நன்னீராகி நண்டு குறைவதையும், எங்கள் ஒழுங்கைக்குள் பெரிய லொறி திரும்ப முடியாததையும், தனிக் காணி இல்லாததையும் தெளிவாகக் காட்டினேன். கடைசியில் ஊழியர் என்ற தலைப்பு வந்தது. அதற்கு ஒரே வரிதான்: 'இரு இடங்களிலும் தாராளமாகக் கிடைப்பர்.' முடிவு, மாங்கேணி.

முதலாளி அதைக் கொம்பனிக்கு அனுப்பினார். இரண்டு கிழமையில் பதில் வந்துவிட்டது. கட்டிடம் மாங்கேணியில், எங்கள் கொட்டில் அந்த மாத முடிவு வரை. அதற்குள்ளாவது நான் வீட்டில் வாய் திறந்திருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். முதலாளிதான் என் மனைவிக்குப் போன் எடுத்துச் செய்தியைச் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம் மனுசன், நன்றியும் சொல்லியிருக்கிறார். "சேர் அருமையா எழுதித் தந்தார் தங்கச்சி."

நான் பள்ளி விட்டு வந்தபோது அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் இருந்தாள். மடியில் என் அறிக்கையின் பிரதி. மேசை லாச்சியில் தேடி எடுத்திருக்கிறாள். கடைசி வரி வரை ஆறுதலாக வாசித்தாள்.

"இதில நான் எங்க இரிக்கன்?" என்று கேட்டாள்.

என் புத்தி போன போக்கைப் பாருங்கள், நான் விரலால் காட்டினேன். "இஞ்ச. ஊழியர் எண்ட இடத்தில."

"தாராளம் எண்டு போட்டிருக்கீங்க."

காட்டிய விரலை எடுத்துக்கொண்டேன்.

"தங்கச்சியும் இதுக்குள்ளதானா?" என்று இளையவளின் வீட்டுப் பக்கம் தலையால் காட்டினாள். பிறகு தாளைத் திருப்பினாள். "மாரியில வாவியில நண்டு இல்ல எண்டு எழுதி இரிக்கி. சரி. மாரியில மாங்கேணிக் கடலுக்குள்ள தோணி இறங்குமா? உங்கட அப்பா மாரி முழுக்க வலையப் பொத்திக்கிட்டு வீட்டில கிடந்த கதைய எனக்கு எத்தின தரம் செல்லியிரிக்கீங்க? அத ஏன் எழுதல்ல?"

அதை நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. சத்தியமாக இல்லை. எழுதும்போது எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை. மாங்கேணிக் கரையில் நின்ற ஒரு மணித்தியாலம், வெளியூருக்குக் குடிவந்த ஒரு மாப்பிள்ளையின் தலைக்குள் மாரிகாலத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. பெண்சாதி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு தாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணியைப் புகழுவோம். மற்றவர்கள் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் அதைக் கட்டம் கீறி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிழை விட்டவன் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். சத்தம் போட்டேன். பாடப்புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுதினேன், பெண்சாதி வேலை செய்கிறாள் என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுத என்னால் ஏலாது என்றெல்லாம் கத்திவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அவள் தாளை மடித்துத் திரும்ப லாச்சியில் வைத்தாள்.

மறுநாள் இளையவள் ஏஜென்சிக்காரனுக்குக் கடவுச்சீட்டைக் கொடுத்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். மாத முடிவுக்கு அடுத்த திங்கட்கிழமை காலை வேன் வரும், கொழும்பில் மருத்துவச் சோதனை, அங்கிருந்தே பயணம். ஊழியரைத் தேடி வீட்டு வாசலுக்கே வரும் தொழில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வழக்கம்போல, "அத்தான், தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் கொட்டிலுக்குப் போய் ஒரு கதிரையில் இருந்தேன். நான் எழுதியது சரிதான் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத்தான் போனேன், உண்மையைச் சொன்னால் என்ன. முதல் தோணி ஆறு மணிக்கு வந்தது. அடுத்தது ஏழே முக்காலுக்கு. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, காற்றையும் தண்ணியையும் பொறுத்தது. நண்டு வெந்ததும் என் மனைவி பானை மூடியில் அகப்பையால் இரண்டு தட்டு தட்டினாள்.

பெண்கள் வந்தார்கள். எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தேன். வேலிகளுக்குள்ளால் வந்தார்கள். ஒவ்வொரு வேலியிலும் ஓர் ஆள் நுழையக்கூடிய கடப்பு இருக்கிறது, அக்கா வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்குப் போகிற வழி. அந்தக் கடப்புகளுக்குள்ளால் ஒரு வளவு, இன்னொரு வளவு என்று தாண்டி, பதினான்கு பேரில் ஒருத்தி கூடத் தெருவில் ஏறாமல் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கைக்குழந்தையை நடுவிலுள்ள சகோதரியின் விறாந்தையில் ஏணையில் போட்டுவிட்டு வந்தாள். இன்னொருத்தி இடையில் எழும்பி, "சோறு அடிப்பிடிக்கும் கா, வாறன்" என்று ஓடிப்போய்ப் பானையை இறக்கிவிட்டு வந்தாள். ஒருத்திக்குக் காய்ச்சல், கை மெதுவாகத்தான் ஓடியது. அவளுடைய அக்கா தன் பெட்டியை நிரப்பிய பிறகு, தங்கச்சியின் பெட்டியை இழுத்து அதையும் நிரப்பத் தொடங்கினாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்தரைக்கு வேலை முடிந்தது. நிலத்தைக் கழுவி, ஐஸைப் போட்டு மூடி, பள்ளி நாளாக இருந்தால் பள்ளிக்கூடம் விடுவதற்கு வெகு முன்னரே எல்லாரும் அவரவர் குசினியில்.

நான் வீட்டுக்குப் போய் வரைபடத் தாள் ஒன்றை விரித்தேன். வளவுகளைக் கீறினேன், வேலிகளைக் கீறினேன், கடப்புகளைக் கீறினேன். ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று மனைவியிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். பதினான்கு பெண்களும் ஐந்து தாய்மாரின் பிள்ளைகள். வீடு பெண்ணுக்கு என்பதால் அக்கா தங்கச்சிமார் ஒருவரும் ஊரை விட்டுப் போகவில்லை. போனதெல்லாம் அவர்களுடைய அண்ணன் தம்பிமார், என்னைப்போல. காலையில் எந்த நேரத்தில் நண்டு வந்தாலும் கால் மணித்தியாலத்துக்குள் பதினான்கு கைகள் வரும், ஒன்று குறைந்தால் அதன் சகோதரி ஈடு செய்வாள் என்பதற்கு இதுதான் காரணம். அங்கால ஊரில் கரையோரம் முழுக்கத் தென்னந்தோட்டம், வீடுகள் தள்ளி. அதனால்தான் அங்கே கொட்டில் வரவில்லை. பத்திரிகை வாங்கப் போகும்போது பதினெட்டு வருடமாகக் குனிந்து நுழைந்து போன கடப்பு என் கண்ணில் பட்டதே இல்லை.

"இத அண்டைக்கே ஏன் எனக்குச் செல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க பாடம் எடுத்தீங்க. நான் கேட்டுக்கிட்டு இருந்தன்" என்றாள்.

அன்றே முதலாளியிடம் போனேன். டவுனில் அவருடைய கடையில் பிளேன்ரீ வரவழைத்தார். நான் வரைபடத்தை விரித்தேன்.

"மாங்கேணி எண்டு எழுதித் தந்ததும் நீங்கதானே சேர்?"

"ஓம். அது பிழை."

பிழை என்று நான் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். நான் விளக்கினேன். வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். குளிர் அறைக்கும் பொதிசெய்வதற்கும் மின்சாரமும் அகலப் பாதையும் வேண்டும், அது மாங்கேணியில் இருக்கட்டும். சதை எடுப்பதற்குப் பெண்கள் வேண்டும், அவர்கள் சந்தையில் கிடக்கும் சாமான் இல்லை, தாயின் வளவில் வேர்விட்டவர்கள். அதற்கு இங்கே ஒரு சின்ன டைல் போட்ட கொட்டில், அங்கே வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கொட்டில். மாரியில் இரண்டு கரையும் ஒரே நாளில் நிற்பதில்லை, ஒன்று நின்றால் மற்றது கொஞ்சமாவது கொடுக்கும். நேரம் குறித்து எட்டிலிருந்து ஐந்து வரை பெரிய கட்டிடத்தில் வேலை என்றால் பிள்ளைகாரிகள் யாரும் வரமாட்டார்கள், மாங்கேணியிலும் வரமாட்டார்கள்.

முதலாளி தாளில் ஒரு கடப்பின் மேல் விரலை வைத்தார். "வேலியில இரிக்கிற ஓட்டையக் கணக்கில எடு எண்டு நான் எப்பிடிச் சேர் கொம்பனிக்காரனுக்குச் செல்லுற?"

"அவங்கள ஒருநாள் காலையில இஞ்ச கூட்டிவாங்க."

"கேட்டுப் பாக்கன். வாக்கு மட்டும் கேக்காதீங்க."

ஒன்பது நாளில் வரும் திங்கட்கிழமைக்கு முதல் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏன் திங்கட்கிழமை என்று அவர் கேட்டார். இளையவளைப் பற்றிச் சொன்னேன். அந்த வேகமான கைக்காரியா என்று கேட்டார்.

கொம்பனிக்காரர் இரண்டு பேர் வியாழக்கிழமை வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். வெள்ளி பதில் இல்லை. சனி பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இளையவள் பயணப் பையைக் கட்டினாள். என் மனைவி பக்கத்தில் இருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முற்றத்தைக் கூட்டுகிற பாவனையில் நின்றேன்.

"இறுக்கிப் பின்னினா அழுவாள் அக்கா. தளத்திப் பின்னு" என்று இளையவள் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மீன் முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் தின்னுவாள். எட்டு வயசாச்சி எண்டு ஏசாத. இடி இடிச்சா உன்ர பக்கத்தில வந்து படுப்பாள்."

"எனக்குத் தெரியாதா கா?" என்றாள் என் மனைவி.

"தெரியும். செல்லணும் போல இரிக்கி."

நான் விளக்குமாற்றை வைத்துவிட்டு வாவிக்கரைக்குப் போய்விட்டேன். அவள் வயதில் எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் எப்படி அன்பாக இருந்திருப்பேனோ அப்படித்தான் இளையவள் மேல் எனக்கு அன்பு. இந்த வீட்டுக்கு நான் வந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுடைய இரண்டு வருடத்தை நான் ஒரு வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கு லீவு போட்டேன். காலையில் இளையவளின் மகளை வழக்கத்துக்கு முன்னமே பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், வேனைப் பார்க்கக் கூடாதென்று. கொதிபானையைக் கழற்றிக்கொண்டு போக லொறியும் அன்றைக்குத்தான் வர இருந்தது. ஆனால் தோணிகள் வந்துவிட்டன, நண்டு வந்துவிட்டது. வந்த நண்டை என்ன செய்வது? என் மனைவி அடுப்பை மூட்டினாள். மூடியில் தட்டினாள். பெண்கள் வந்தார்கள். இளையவள் நல்ல சல்வார் போட்டு, தலைவாரி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

லொறிதான் முதலில் வந்தது. சாரதி இறங்கிப் பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டிகளை இறக்கத் தொடங்கினான். வழக்கமாக இறக்குவதை விட இரண்டு பெட்டி கூட.

"பானை கழட்ட வரல்லையா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லக்கா. பானை இஞ்சதான் நிக்குமாம். வெள்ளிக்கிழமை மேசன்மார் வாறாங்க, டைல் பதிக்க. முதலாளி ராவு சேருக்குப் போன் எடுத்தாராம், சேர் தூக்கல்லையாம்."

நான் போனைப் பார்த்தேன். சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது. அதற்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அப்போது தெருவில் வேன் ஹோன் அடித்தது.

பதின்மூன்று பெண்களும் கத்தியைப் பிடித்தபடி இளையவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டிகளைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். தொட்டியடியில் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினாள். வந்து தன்னுடைய இடத்தில், தன் அக்காமாருக்கு நடுவில், அந்த நல்ல சல்வாரோடேயே இருந்து முதல் நண்டை எடுத்தாள். ஹோன் மறுகாலும் அடித்தது.

"போய்ச் செல்லுங்க" என்றாள் என் மனைவி.

வேனில் ஏற்கெனவே மூன்று பெண்கள் இருந்தார்கள். ஏஜென்சிக்காரன் கடிகாரத்தைக் காட்டினான். அவ வரல்ல என்றேன். கடதாசி எல்லாம் சரிபண்ணி வைத்த பிறகு இப்படிச் செய்தால் எப்படி என்று குரலை உயர்த்தினான். அவனிலும் பிழை இல்லை. நானும் சத்தம் போடத் தெரிந்தவன்தான், ஆனால் அன்றைக்குப் போடவில்லை. "அவவுக்கு இஞ்ச வேலை இரிக்கி தம்பி" என்று மட்டும் சொன்னேன். வேனுக்குள் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மூன்று முகங்களுக்கும் என்னிடம் எந்த வரைபடமும் இருக்கவில்லை.

வேன் போனது. திரும்பி வந்தேன். முற்றத்தில் பை அப்படியே இருந்தது. நிமிராமலே இளையவள் சொன்னாள், "அத்தான், அத வீட்டுக்குள்ள வெச்சிடுங்க. கையெல்லாம் நண்டு."

கனமாக இருக்குமென்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். ஒரு கை போதுமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தாய் கட்டிய பை அது. கொண்டுபோக அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை, இருந்ததெல்லாம் இங்கேதான் இருந்தது. அதை அவளுடைய வீட்டு விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டு, வெளியே வராமல், பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதேன்.